முள் இறங்காத அம்பாசடர்

"முள்ளு எங்க நிக்குது?" என்று கேட்டுக்கொண்டே போர்மேன் அய்யாதுரை அம்பாசடர் காரின் ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

டிரைவர் சோணைமுத்து விரலால் மீட்டரைக் காட்டினான். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இன்ஜினின் சூட்டைக் காட்டும் முள், மீட்டரின் சிவப்புக் கோட்டைத் தொட்டபடி ஆடாமல் அசையாமல் நின்றது.

"செவப்புல நிக்குது. வண்டி உள்ள போகாது."

"அய்யாதுரை, பின்னாடி உக்காந்திருக்கது யாருன்னு தெரியுதா?" என்று பின்சீட்டிலிருந்து முதலாளி ரத்தினசாமி கேட்டார்.

"தெரியுது மொதலாளி. வணக்கம். வண்டி போகாது."

சாத்தூர் ரோட்டிலிருந்து பட்டாசுக் கம்பெனிக்குப் பிரியும் அச்சங்குளம் விலக்கு அது. மண் ரோட்டின் குறுக்கே ஒரு சங்கிலி. சங்கிலிக்குப் பக்கத்தில் ஒரு பலகை. "சூடேறிய வண்டிகள் இங்கேயே நிறுத்தப்பட வேண்டும். யாருக்கும் சலுகை இல்லை. இப்படிக்கு, உரிமையாளர்."

அந்த உரிமையாளர் காருக்குள் உட்கார்ந்து தன் பலகையைத் தானே வாசித்தார்.

போன வருடம் சீசன் நேரத்தில் ஒரு லோடு லாரியின் ரேடியேட்டர், பட்டாசு குடோனுக்குப் பக்கத்தில் வைத்துப் பொங்கியது. வந்தது வெறும் நீராவிதான். ஆனால் நீராவிக்கும் புகைக்கும் வித்தியாசம் பார்க்க யார் நிற்பார்கள்? முந்நூறு பேர் வேலியைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் ஓடினார்கள். பாதிப் பேர் வேலைக்குத் திரும்பியது மூன்றாம் நாள்தான். அதற்குப் பிறகு வைத்த பலகை அது. முதலாளியின் மச்சினன் காரையே விலக்கில் மறித்துத் திருப்பி அனுப்பியதற்காக, ஆயுத பூஜையன்று எல்லோர் முன்னாலும் அய்யாதுரைக்குச் சால்வை போர்த்தியவரும் ரத்தினசாமிதான்.

சால்வை போர்த்தியவர் காரைவிட்டு இறங்கி நடந்தார்.

கனத்த உடம்பு. வீட்டு வாசலில் ஏறினால் ஆபீஸ் வாசலில் இறங்குவது அவர் பழக்கம். விலக்கிலிருந்து கம்பெனி ஒரு மைலுக்குக் குறையாது. இருபது வருடமாகத் தனக்குச் சொந்தமான அந்த ரோட்டில் ஒரு ஓடைப் பாலம் இருப்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இது நடந்தது இரண்டாயிரத்து நான்காம் வருடம், ஆடி மாதக் கடைசியில். தீபாவளிக்கு மூன்று மாதம் இருந்தது.

சோணைமுத்துவுக்கு அவமானமாக இருந்தது. ஆனைக்குட்டத்தில் அவன் தகப்பன் ஆயுளெல்லாம் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஸ்டியரிங்கைப் பிடித்த கை சோணைமுத்துவின் கை. ஊரில் காரைப் பிளசர் என்பார்கள்; அவனுக்குப் 'பிளசர்காரர்' என்றுதான் பெயர். பதினோரு வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அப்படிப்பட்டவனின் வண்டியில் முதலாளி பாதிவழியில் இறங்கி நடக்கிறார் என்றால், பிளசரும் போச்சு, காரரும் போச்சு.

அன்றே ரேடியேட்டரைத் திறந்து பார்த்தான். தண்ணீர் ததும்பியது. இருந்தாலும் எல்லாத் தண்ணீரையும் இறக்கிவிட்டு, உள்ளே கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றினான். மறுநாள் காலையில் வண்டியை எடுத்த இரண்டாவது நிமிடம் முள் சிவப்புக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது.

"முள்ளு எங்க நிக்குது?" என்றார் அய்யாதுரை.

முதலாளி இறங்கினார்.

மூன்றாம் நாள் வண்டியைத் திருத்தங்கலுக்குக் கொண்டுபோனான். அங்கே செல்லப்பாண்டி என்று ஒரு ஆட்டோ எலெக்ட்ரீசியன். முதலாளி வீட்டுக்கு மோட்டார் முதல் மிக்ஸி வரை எல்லாம் பார்ப்பவன் அவன்தான். மீட்டரை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பெரிய டாக்டர் உறவுக்காரர்களிடம் பேசுகிற குரலில் சொன்னான்.

"சென்சார் போயிருச்சுண்ணே."

இன்ஜினில் திருகியிருக்கும் கட்டைவிரல் அளவு பித்தளைச் சாமான்தான் சென்சார். அது தண்ணீரின் சூட்டைத் தொட்டுப் பார்த்து, ஒரு வயர் வழியாக மீட்டருக்குச் சொல்லும். மீட்டர் முள்ளை ஏற்றி இறக்கும்.

"போயிருச்சுன்னு எப்படித் தெரியும்? டெஸ்ட் பண்ணிப் பாத்தியா?"

"டெஸ்ட் எதுக்குண்ணே? அது மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே."

சோணைமுத்து சென்சாரின் மூஞ்சியைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. செல்லப்பாண்டி புதுசு ஒன்றைத் திருகி மாட்டினான். பழசைச் சோணைமுத்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாளும் முள் சிவப்பில் நின்றது.

முதலாளி இப்போது தானே வைத்தியத்தில் இறங்கினார். ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு முழு ஐஸ் பாளத்தை வரவழைத்து, சாக்கில் சுற்றி, பானெட்டின் மேல் கயிறு போட்டுக் கட்டச் சொன்னார். சிவகாசியிலிருந்து ஐஸ் சுமந்துகொண்டு அம்பாசடர் புறப்பட்டது. வழியெல்லாம் தண்ணீர் சொட்டியது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் காருக்குள் இருப்பது யார் உடம்பு என்று எட்டிப் பார்த்தார்கள். ரத்தினசாமி பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, தான் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டியதாகிவிட்டது.

விலக்கில் அய்யாதுரை முள்ளைப் பார்த்தார். ஐஸைப் பார்த்தார். மறுபடியும் முள்ளைப் பார்த்தார். இரண்டு அடி பின்னால் போனார்.

"இம்புட்டு ஐஸ்ஸ வச்சும் எறங்கலைன்னா, உள்ள என்ன எரியுதோ மொதலாளி. இனிமே இந்த வண்டி விலக்குலயும் நிக்க வேண்டாம். அந்தா, டீக்கடையத் தாண்டி நிக்கட்டும்."

ஆக, நடை இன்னும் இரண்டு பர்லாங் கூடிவிட்டது.

முதலாளி ஒரு பைக்கை வரச் சொன்னார். பைக்கின் சைலன்சர் காரைவிடச் சூடு என்று அய்யாதுரை மறித்தார். அதில் குற்றம் சொல்ல முடியவில்லை. கம்பெனி சைக்கிளின் கேரியரில் ஏறினார். ஓடைப் பாலம் வரை சைக்கிள் தாங்கியது. அதற்கு மேல் டயர் தாங்கவில்லை.

"பேசாம நடந்து போயிருங்களேன்" என்றாள் வீட்டில் பொன்னுத்தங்கம். முதலாளியின் மனைவி அதிகம் பேசமாட்டாள். மறுநாள் காலையில் காருக்குள் ஒரு குடையையும், வெள்ளை கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடியையும் வைத்தாள். "கரிசல்ல செருப்பு அறுந்துபோகும். இதப் போட்டுக்கிடுங்க."

"புதுக் காரு ஒண்ணு எடுத்துரவா?"

"சீசன் முடியட்டும். பாத்துக்கிடலாம்."

வேட்டியும் கேன்வாஸ் ஷூவும் குடையுமாக ரத்தினசாமி தினமும் நடந்தார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. செல்லப்பாண்டி இரண்டாவது சென்சார் மாட்டினான். "மொதல்ல போட்டது டூப்ளிகேட்டுண்ணே" என்றான். பிறகு மூன்றாவது மாட்டினான். "ரெண்டாவது ஒரிஜினல்தேன். ஆனா நம்ம ஊரு வெயிலுக்கு அது பழகலை" என்றான்.

"இந்தத் தடவையாச்சும் மாட்டுறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணுப்பா."

"டெஸ்ட் பண்ணுனா சென்சாருக்கு ஆயுசு கொறையும்ணே."

செல்லப்பாண்டி இதையெல்லாம் சோணைமுத்துவின் கண்ணைப் பார்க்காமல், பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டே சொல்வான். தொழில் பக்தி என்று சோணைமுத்து நினைத்தான்.

நாலாவது வாரம் ஊர் பேச ஆரம்பித்தது. சாத்தூர் பஸ்ஸில் போகிறவர்கள் தினமும் பார்க்கிறார்களே. டீக்கடைக்கு அப்பால் ஈரச் சாக்குப் போர்த்திய கார். குடையோடு ஒற்றையாளாக நடக்கும் முதலாளி. "ரத்தினசாமி காரு சூடாயிருச்சாம்" என்று அச்சங்குளத்தில் ஏறிய சேதி, சிவகாசியில் இறங்கும்போது "ரத்தினசாமி கம்பெனியில சூடாம்" என்று ஆகியிருந்தது. திருத்தங்கலுக்குப் போனபோது அதிலிருந்து புகை வந்தது. மறுநாள் காலை விருதுநகரில் அது கொழுந்துவிட்டு எரிந்தது.

விருதுநகரிலிருந்து சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பெண்கள் இறங்கும்போதே அழுதார்கள். ரத்தினசாமி ஆபீஸ் வாசலில் நின்று, "ஒண்ணும் ஆகலை, எல்லாரும் மோர் குடிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது தூரத்தில் மணிச் சத்தம் கேட்டது.

தீயணைப்பு வண்டி வந்தேவிட்டது.

விலக்கில் அய்யாதுரை சங்கிலியை அவிழ்க்காமல் நின்றார்.

"தீ எங்கய்யா?" என்று அதிகாரி வண்டியிலிருந்து குதித்தார்.

"தீ எதுவும் இல்லைங்க. உங்க முள்ளு எங்க நிக்குது?"

"என்ன முள்ளு?"

அய்யாதுரை படியில் ஏறித் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். வழியெல்லாம் அழுத்தி மிதித்துக்கொண்டு வந்த வண்டி. அதன் முள் சிவப்புக்கு ஒரு மயிரிழைதான் பாக்கி.

"சூடு அதிகம். வண்டி உள்ள போகாதுங்க."

"நாங்க தீயணைக்க வந்திருக்கோம்யா."

"நல்லதுங்க. வண்டிய டீக்கடையத் தாண்டி விட்டுட்டு, நடந்து போயி அணைங்க."

அதிகாரியும் நாலு வீரர்களும் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். மணிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு எதிர்த் திசையிலிருந்து ரத்தினசாமி குடையோடு ஓடி வந்தார். ஓடைப் பாலத்தில் இரண்டு தரப்பும் சந்தித்தன. ரத்தினசாமிக்கு மூச்சு வாங்கவே இல்லை. அதிகாரிக்குத்தான் வாங்கியது. அவருக்கு மோர் கொடுத்து, விவரம் சொல்லி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவைக்க ஒரு மணி நேரம் ஆனது.

அதற்குப் பிறகு ரத்தினசாமி நேரே டீக்கடைக்கு வந்தார். வேட்டி இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா சோணை. கவலையிலயே நான் பாதியா எளைச்சிட்டேன். மானம் போயிருச்சு. ஆர்டர் குடுக்கவன்லாம் போன் பண்ணி, உசுரோட இருக்கீகளான்னு கேக்கான். வெள்ளிக்கெழமைக்குள்ள அந்த முள்ளு எறங்கணும். எறங்கலைன்னா நீ எறங்கணும்."

சோணைமுத்து தலை குனிந்துகொண்டான். முதலாளி போன பிறகு, காரின் பானெட்டில் கை ஊன்றினான்.

பானெட் பானைத் தண்ணீர் மாதிரிச் சில்லென்று இருந்தது.

ஈரச் சாக்குக்கு அடியில் இருக்கும்தானே. வண்டி நின்று மூன்று மணி நேரம் ஆகிறது. அவன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். இன்ஜினைக் கிளப்பவில்லை. முள் மெதுவாக எழுந்து, நடந்து, சிவப்பில் போய் நின்றது.

பச்சைத் தண்ணீருக்கு எப்படிக் காய்ச்சல் வரும்? சோணைமுத்து ரொம்ப நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து வாரமாக வண்டிக்கு வைத்தியம் பார்த்திருக்கிறோமே தவிர, நோய் என்னவென்று ஒருத்தரும் பார்க்கவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கருப்பணனிடம் போனான். கருப்பணன் டிவி ரிப்பேர் பார்ப்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தான் டிவி சோதிக்கும் மல்டிமீட்டரைக் கையில் கொடுத்தார்.

"சென்சாரத் தண்ணியில போட்டுக் காய்ச்சு. இந்த ரெண்டு வயரையும் அதுல வச்சுப் பாரு. சூடு ஏற ஏற மீட்டர்ல நம்பர் கொறையணும். கொறஞ்சா சென்சார் நல்லது. கொறையாம அப்படியே நின்னா செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை முடிந்து பாண்டிச்செல்வி வீட்டுக்கு வந்தபோது, அவள் புருஷன் சோணைமுத்து அடுப்புக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். ரசம் வைக்கும் சட்டியில் தண்ணீர் கொதித்தது. அதற்குள் காரிலிருந்து இதுவரை கழற்றிய மூன்று பித்தளைத் துண்டுகள் கிடந்தன.

"என்ன செய்யிறீக?"

"காய்ச்சிப் பாக்கேன்."

"வேலை போயிருச்சா?"

"இன்னும் போகலை. வெள்ளிக்கெழமதேன் தெரியும்."

அவள் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "உப்புப் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பக்கத்து வீட்டுக்குப் போய், தன் புருஷனை யாராவது வந்து ஒரு தடவை பார்க்கும்படி கேட்டுக்கொண்டாள். கருப்பணன் வந்தார். அவரும் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து நம்பர் சொல்ல ஆரம்பித்ததும் பாண்டிச்செல்வி ரசத்துக்கு வேறு சட்டி தேடப் போனாள்.

முதல் சென்சாரில் நம்பர் குறைந்தது. இரண்டாவதிலும் குறைந்தது. மூன்றாவதிலும் அதேபோல ஒழுங்காக, படி இறங்குவதுபோலக் குறைந்தது.

"மூணும் நல்ல சென்சாருப்பா" என்றார் கருப்பணன். "கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ காய்ச்சியிருந்தா ஒண்ணக்கூடக் கழட்டியிருக்க வேண்டாம்."

"பெறகு எதுல கோளாறு?"

"சென்சார்ல மாட்டியிருக்க வயர உருவிரு. முள்ளு கீழ விழுந்துரணும். விழலைன்னா வயரு வழியில எங்கயோ பாடியத் தொடுது."

வியாழக்கிழமை விடியற்காலையில் முதலாளி வீட்டுக் கார் கொட்டகையில் சோணைமுத்து வயரை உருவினான். சாவியைத் திருப்பினான். சென்சாருக்கும் மீட்டருக்கும் இப்போது ஒரு சம்பந்தமும் இல்லை. முள் அப்படியும் ஏறிச் சிவப்பில் நின்றது.

அவன் வயரைப் பிடித்துக்கொண்டே போனான். இன்ஜினிலிருந்து சுவர் ஓட்டை வழியாக டேஷ்போர்டுக்குக் கீழே வந்தது. கால்களைச் சீட்டின் மேல் போட்டு, தலையைக் கிளச்சுக்குப் பக்கத்தில் வைத்து, மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தேடினான்.

அங்கே இருந்தது. மீட்டர் வயரின் தோலை அரை அங்குலம் சீவி, அதில் ஒரு செம்புக் கம்பியைப் பூக் கட்டுவதுபோல நெருக்கமாகச் சுற்றி, மறு நுனியைப் பாடியின் திருகாணியில் முறுக்கியிருந்தது. எலி செய்கிற வேலை இல்லை. எந்த வேலை தெரியாதவனோ எப்போதோ செய்துவைத்த வேலை.

கம்பியைப் பிரித்து எடுத்தான். வயருக்கு டேப் சுற்றினான். உருவிய வயரைச் சென்சாரில் மாட்டினான். முள் அடியில் போய்ப் படுத்தது. இன்ஜினைக் கிளப்பினான். பத்து நிமிடம் கழித்து முள் மெல்ல எழுந்து, நடுவில் வந்து நின்றது. அதற்கு மேல் போகவில்லை. சோணைமுத்து ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முதல் வேலையாகச் செல்லப்பாண்டிக்குப் போன் போட்டான்.

"கோளாறக் கண்டுபிடிச்சிட்டேன்டா. சென்சாரே இல்ல."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே" என்று சொல்லிவிட்டுச் செல்லப்பாண்டி போனை வைத்துவிட்டான். தொழில் தெரியாததை இவ்வளவு நேர்மையாக ஒத்துக்கொள்கிறானே என்று சோணைமுத்துவுக்கு அவன்மேல் மரியாதை வந்தது.

அன்று காலை அம்பாசடர் டீக்கடையைத் தாண்டி வந்து விலக்கில் நின்றது. அய்யாதுரை தலையை விட்டார். கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார். மீட்டரை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். முள் நடுவிலேயே நின்றது. அவர் சங்கிலியை அவிழ்த்து, ஓரமாக நின்று சல்யூட் அடித்தார்.

ரத்தினசாமி பின்சீட்டில் சாய்ந்துகொண்டார். கேன்வாஸ் ஷூவைக் கழற்றி ஜன்னல் வழியாக ஓடையில் எறிந்தார். இரண்டே நிமிடத்தில் ஆபீஸ் வாசல் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஆள் விட்டு வரவழைத்து, கம்பெனி முழுக்கக் கொடுத்துவிட்டு, தானும் ஒரு கால் கிலோவை எடுத்து வைத்துக்கொண்டார்.

"சோணை, இனிமே இந்த வண்டிய உன்னத் தவிர ஒருத்தரும் தொடக்கூடாது. நான் சாகுற வரைக்கும் நீதேன் டிரைவரு. ஒரு அடி என்னைய நடக்க விட்டுராத."

மத்தியானம் சாப்பாட்டுக் கேரியர் எடுக்கச் சோணைமுத்து வீட்டுக்குப் போனான். பொன்னுத்தங்கம் வாசலுக்கு வந்தாள்.

"என்னப்பா, வண்டி சரியாயிருச்சாமே?"

"ஆமாம்மா. நானே கண்டுபிடிச்சேன்."

"கம்பெனி வாசல் வரைக்குமா கார்லயே போனாக?"

"வாசப்படி வரைக்கும்மா. ஒரு அடி நடக்க விடல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷம் தாங்காமல்தான் உட்கார்ந்துவிட்டாள் என்று சோணைமுத்து நினைத்தான்.

"அந்தச் செம்புக் கம்பிய என்ன செஞ்ச?"

செம்புக் கம்பியைப் பற்றி இன்னும் யாரிடமும் சொன்னதாக அவனுக்கு ஞாபகம் இல்லை. இருந்தாலும் பெருமையாகச் சொன்னான். "கொட்டகை மூலையில எறிஞ்சிட்டேம்மா. எந்த மடப்பய சுத்தி வச்சானோ."

பொன்னுத்தங்கம் உள்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"செல்லப்பாண்டிகிட்டச் சொல்லிச் சுத்த வச்சதே நாந்தேம்ப்பா, சுகருக்குத் தெனமும் நடங்கன்னு டாக்டரு சொல்லி மூணு வருசமா அசையாத மனுசன் இந்த அஞ்சு வாரமாத்தேன் நடந்தாக, போயி அந்தக் கம்பியத் தேடி எடுத்துட்டு வா."